கழகத்துக்குச் சொந்தமானவை

தாழந்துறைக் கோயில் ஒலிபெருக்கி சொன்னதை ஊரார் கேட்டார்களோ இல்லையோ, கடல் கேட்டது. இதை இன்றைக்கும் அந்தக் கரையில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. கடலும் இந்தக் கோயில் பங்கைச் சேர்ந்ததுதானே, ஆடி மாசத்தில் கோயில் வாசல்வரை வந்துபோகிறதுதானே, அதற்கு மட்டும் காது கேட்காமல் இருக்குமா என்று திருப்பிக் கேட்பார்கள். அறிவிப்பை எழுதிக் கொடுத்தவர் கடல் விண்மீன் கால்பந்துக் கழகத்தின் செயலாளர் தார்சியுஸ். கழகத்துக்கு ஐம்பது வயது நிறைவதால் ஒரு மலர் போடப்போவதாகவும், கழகத்துக்குச் சொந்தமான எதுவும் யாரிடம் இருந்தாலும் தயவுசெய்து செயலாளரிடம் ஒப்படைக்கும்படியும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சாமியார் வாசித்தார். எழுதும்போது தார்சியுஸ் மனதில் இருந்தது பழைய போட்டோக்கள், கோப்பைகள், யாராவது எடுத்து வைத்திருக்கக்கூடிய பத்திரிகைத் துண்டுகள், அவ்வளவுதான்.

ஊரார் கொடுத்ததைச் சொன்னால் சிரிப்பு வரும். ஒரு வீட்டில் வெற்றிக் கோப்பையில் கற்றாழை நட்டிருந்தார்கள், செடியைப் பிடுங்கினால் ஆகாது என்றார்கள். இன்னொரு வீட்டில் கழகத்தின் முதல் சட்டை இருந்தது, ஆனால் அது வள்ளத்துத் துளையில் அடைக்கப்பட்டு அந்த வள்ளமும் அடுப்பில் எரிந்து போயிருந்தது. ஒருவர் மட்டும் போட்டோ கொண்டுவந்தார். அதில் பதினொரு பேருக்கும் முன்னால் ஒரு மாடு நின்றது. தூண்டில் முள்ளும் நரம்பும் ஈயக்குண்டும் விற்கிற தன் சின்னக் கடையில் உட்கார்ந்துகொண்டு தார்சியுஸ் அந்த மாட்டைப் பார்த்தார், இதை வைத்துக்கொண்டு என்ன வரலாறு எழுதுவது என்று பல்லைக் கடித்தார்.

திங்கட்கிழமை விடிந்தபோது கரை முழுக்கப் பந்துகள் கிடந்தன.

தாழந்துறையில் ஒரு வழக்கம் உண்டு. இறுதி ஆட்டத்தில் ஜெயித்தால் அந்தப் பந்தை ஊருக்குக் கொண்டுவந்து, கோயிலில் வைத்து மந்திரித்து, கேப்டன் ஓங்கி ஓர் உதை உதைத்துக் கடலுக்குக் கொடுத்துவிடுவார். கோப்பை ஊருக்கு, பந்து கடலுக்கு. ஆடக் கற்றுக்கொடுத்ததே ஈர மணல்தான் என்பதால் அது நியாயமான பங்கு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அப்படி வருஷக்கணக்காக வாங்கிவைத்த பந்துகளைத்தான், கழகத்துக்குச் சொந்தமானது என்று கேட்டவுடன், ஒளிவுமறைவு இல்லாமல் கடல் கொண்டுவந்து ஒப்படைத்திருந்தது. கயிறு கட்டிய பழைய தோல் பந்துகள், வெள்ளையும் கறுப்புமாகத் தைத்த பந்துகள், எல்லாம் சிப்பி ஒட்டி, பாசி பிடித்து, ஆனால் காற்று இறங்காமல் விம்மிக் கிடந்தன. வள்ளம் இறக்க வந்தவர்கள் அவற்றைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தொழிலுக்குப் போனார்கள்.

காற்றில்தான் விஷயம் இருக்கிறது என்பது அன்று சாயங்காலம் தெரிந்தது. ஆடுவதற்குக் கொஞ்சம் கடினமாக இருக்கிறதே என்று ஒரு பந்தில் ஊசி ஏற்றியபோது, உள்ளேயிருந்து விசில் சத்தம் வந்தது, விசிலுக்குப் பின்னால் ஒரு மைதானமே வந்தது, கைதட்டல், கடலை விற்கிறவன் கூவல், வெயிலில் காய்ந்த புல்லின் வாசனை, அதற்கு நடுவே செத்துப்போன போனிப்பாஸ் மூச்சிரைத்துக்கொண்டு யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டி, தாகமாய் இருக்கு, கொஞ்சம் தண்ணி கொண்டாங்கடே என்று கேட்டார். மீன்கூடையோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த அவர் மனைவி மெற்றில்டா கூடையை அப்படியே மணலில் இறக்கிவைத்துவிட்டு, "இந்தா வாறேன்" என்று பைப்படிக்கு நடந்தாள். அவள் செம்போடு திரும்பி வருவதற்குள் பந்து சுருங்கிப்போயிருந்தது. ஒரு பந்துக்கு ஒரு மூச்சுதான், ஒருதரம் விட்டால் விட்டதுதான் என்பதை ஊர் அப்படித் தெரிந்துகொண்டது.

அதன்பிறகு தாழந்துறை பந்து கேட்கும் ஊராக மாறியது, அதுவும் ரொம்ப சீக்கிரமாக. எந்தப் பந்தில் யார் இருக்கிறார்கள் என்பது திறக்கும்வரை தெரியாது என்பதால் எல்லா வீடும் எல்லாப் பந்துக்கும் உரிமை கொண்டாடியது, அடிதடி வரப்பார்த்தது, கடைசியில் பங்குப் பேரவை கூடி, நாளொன்றுக்கு ஒரு பந்து, சாயங்காலம் மீன் ஏலக்கூடத்தில், ஊரறியத் திறப்பது என்றும், குரலை முதலில் அடையாளம் காண்கிற வீட்டுக்குத் தோல் சொந்தம் என்றும், ஊசி பிடிக்கும் உரிமை கழகத் தலைவருக்கே என்றும் தீர்மானம் போட்டது. பெண்கள் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்தார்கள். வெளியூர் மீன் வியாபாரிகள் ஏலம் முடிந்தும் லாரியை எடுக்காமல் நின்றார்கள். ஒரு பந்துக்குள்ளிருந்து பழைய காலத்து நாய் ஒன்று குரைக்க, ஏலக்கூடத்து நாய் அதற்குப் பதில் குரைத்து, பந்து அடங்கிய பிறகும் வெகுநேரம் அதைத் தேடிக்கொண்டு திரிந்தது. கெட்ட வார்த்தை அளவுக்கு மீறிப் போகிறது என்று கோயிலின் மரியாயின் சேனைப் பெண்கள் புகார் கொடுத்தபோது, பேசியவர்கள் எல்லோரும் சாவதற்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பு வாங்கிவிட்டார்கள், அதனால் அது கணக்கில் வராது என்று சாமியார் சொல்லிவிட்டார்.

ஊரே சந்தோஷமாக இருந்தது, தார்சியுஸைத் தவிர. அவர் தினமும் முதல் வரிசையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், தினமும் வெறுங்கையோடு எழுந்து போனார். ஏனென்றால் பந்துக்குப் பந்தடி தெரியுமே தவிர வரலாறு தெரியாது. எந்த வருஷம், எந்த ஊர் மைதானம், எதிராளி யார், கோல் போட்டது யார் என்று ஒரு பந்தாவது வாய்திறந்து சொல்ல வேண்டுமே. மூச்சிரைப்பு சொல்லும், திட்டு சொல்லும், எலுமிச்சம்பழம் எங்கே என்று கேட்கும், ஆட்டத்துக்கு நடுவே ஒருவன் இன்னொருவனிடம் வலை மடிக்க நாளைக்கு வருவாயா என்று விசாரிக்கும். கோல் விழுந்த நேரத்திலோ ஊர் முழுக்கக் கத்துகிற கத்தலில் போட்டவன் பேர் முங்கிப்போகும். கைபேசியில் பதிவு செய்து பார்த்தார். போட்டுக் கேட்டால் வெறும் அலைச்சத்தம்தான் வந்தது. பக்கத்தில் இருந்தவர்களிடம் இது எந்த வருஷமாக இருக்கும் என்று கேட்டால், எங்க மாமன் சிரிச்சதக் கேட்டியளா, அதவிட்டுட்டு வருசம் என்னத்துக்கு என்று எரிந்து விழுந்தார்கள். இருப்பதெல்லாம் ஒவ்வொன்றாய்க் காற்றில் போய்க்கொண்டிருக்கிறதே, கட்டிக்காக்க வந்தவன் கண் முன்னாலேயே போகிறதே என்று அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது, அந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றும் தெரியவில்லை.

உண்மையில் அவருக்கு ஐம்பது வருஷ வரலாறும் வேண்டியதில்லை. வேண்டியது ஒரே ஓர் ஆட்டம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊர்க் கல்லடித்துறையோடு மோதிய இறுதி ஆட்டம் அது, ஆடியவர்களில் பாதிப்பேர் இன்று கல்லறையில் இருக்கிறார்கள். தார்சியுஸின் அண்ணன் எஸ்தாக்கிதான் அன்றைக்குக் கோலி. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் உயரத்தில் வந்த ஒரு பந்தைப் பிடிக்க எஸ்தாக்கி முன்னால் ஓடி வந்தார்; அதே பந்தைக் கோலுக்கு முன்னால் பேக்காக நின்ற கஸ்பார் தலையால் முட்ட, அது எஸ்தாக்கியின் தலைக்கு மேலாகப் போய்ச் சொந்தக் கோலுக்குள் விழுந்தது. எஸ்தாக்கி பந்தை விடச் சொல்லிக் குரல் கொடுக்காமல் ஓடி வந்தான் என்று கஸ்பார் சொன்னார். நான் கூப்பிட்டேன் என்று எஸ்தாக்கி சொன்னார். எஸ்தாக்கிக்குப் பெண் பேசியிருந்தது கல்லடித்துறையில் என்பதால் ஊருக்கு மேற்கொண்டு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பெண் கொடுக்கிற ஊருக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டான் என்று பேசினார்கள், கடற்கரையில் அவரைக் கண்டால் முகம் கொடுக்காமல் வலையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள், ஆத்திரத்தில் அந்தப் பந்தையும் மந்திரிக்காமலே தூக்கிக் கடலில் எறிந்தார்கள். கல்யாணம் நின்றுபோனது. எஸ்தாக்கி கேரளத்து முனம்பத்துக்குப் போய் அங்கே ஒரு படகுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார், அப்பா அடக்கத்துக்குக்கூட ஊர் எல்லையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். கஸ்பார் இப்போது கழகத் தலைவர். ஒருநாள்கூட மைதானத்தில் இறங்கி ஆடாத தார்சியுஸ், கண்ணாடி போட்டவன் என்று எல்லைக்கோட்டில் நிறுத்தப்பட்ட தார்சியுஸ், செயலாளர் பொறுப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது மலரில் அந்த ஆட்டத்தைத் திருத்தி எழுதுவதற்காகத்தான். கஸ்பாரோ அந்த வருஷத்துக்கு ஒரு வரி போதும் என்றார்: கோலியின் துரோகத்தால் கோப்பையை இழந்தோம்.

அந்தப் பந்தும் ஒருநாள் கரைக்கு வந்தது. செங்கல் நிறத்தில் கழகம் வாங்கிவைத்த பந்து, அந்த ஒரு போட்டிக்கு மட்டும் வந்த நிறம். ஆட்டத்துக்கு முந்தின நாள் தையல் விட்டிருந்த இடத்தை எஸ்தாக்கி வலைநூலால் இழுத்துத் தைத்து, வலைக்காரர்கள் போடுகிற முடிச்சைப் போட்டிருந்தார். முடிச்சு அப்படியே இருந்தது. தார்சியுஸ் அதை மடியில் வைத்துக்கொண்டு கடையிலேயே உட்கார்ந்திருந்தார். தனியாகத் திறந்து கேட்டால் தனக்கு மட்டும் தெரியும், நாளைக்குச் சொன்னால் தம்பிக்காரன் வேறென்ன சொல்லுவான் என்பார்கள். ஊர் நடுவில் திறந்தால்தான் ஊர் கேட்கும். அதனால் அவர் தானாகவே அதை ஏலக்கூடத்துக்குக் கொண்டுபோனார். அங்கேதான் பிசகு நடந்தது.

இன்ன பந்து என்று முன்கூட்டியே தெரிந்து திறந்த பந்து அது ஒன்றுதான். ஏலக்கூடம் கொள்ளவில்லை, கல்லடித்துறையிலிருந்தும் ஆட்கள் வந்து மதிலில் ஏறி நின்றார்கள். கஸ்பார் ஊசியை ஏற்றினார். முதல் விசில் கேட்டதுதான் தாமதம், அது ஆஃப்சைடு என்று ஒருவர் சொன்னார், எங்கடே ஆஃப்சைடு என்று மதிலிலிருந்து பதில் வந்தது, எஸ்தாக்கி கூப்பிடவே இல்லை பாருங்க என்று ஒருவர், கொஞ்சம் பொறுங்கவே இனிமேத்தான் வரும் என்று இன்னொருவர், பெண் கொடுக்க இருந்த வீட்டைப் பற்றி ஒரு பேச்சு, அந்தப் பேச்சுக்கு ஒரு அடி, என்று பழைய ஆட்டத்தை எல்லோரும் தங்கள் தங்கள் வாயால் ஆடத் தொடங்கிவிட்டார்கள். வாயை மூடுங்க, கொஞ்சம் வாயை மூடுங்க என்று தார்சியுஸ் கெஞ்சினார், கத்தினார், பிறகு பந்தின்மேல் குனிந்து காதை ஒட்டிவைத்துக்கொண்டார். ஊசி பிடித்த கஸ்பாரின் காதும் அங்கேதான் இருந்தது. இரண்டு பேருடைய மூச்சுக்கும் நடுவில் இளைஞனாய் இருந்த எஸ்தாக்கியின் குரல் வந்தது: "கஸ்பாரே, விடு, எனக்கு!" அடுத்து மண்டையில் பந்து மோதுகிற சத்தம். அதோடு காற்று தீர்ந்தது.

தார்சியுஸ் தலையை நிமிர்த்தினார்.

"கேட்டீங்களா அண்ணே?"

கஸ்பார் ஊசியை வேட்டியில் துடைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இந்த எரைச்சல்ல என்னத்தடே கேக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு தார்சியுஸ் யாரிடம் சொல்லவில்லை? வீடு வீடாகப் போய்ச் சொன்னார். கூப்பிட்டதாக நினைத்தவர்கள் கூப்பிட்டதைக் கேட்டதாகவும், கூப்பிடவில்லை என்று நினைத்தவர்கள் கூப்பிடாததைக் கேட்டதாகவும் சத்தியம் செய்தார்கள். கடலே வந்து சாட்சி சொல்லியும் ஒரு சனத்துக்குக் காது இல்லையென்றால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது? ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரத்தில், யாரிடம் சொன்னாலும் குறுக்கே பேசுகிறார்கள் என்ற கடுப்பில், சுருங்கிக் கிடந்த அந்தப் பந்தை எடுத்து ஒரு சின்னக் குழாயைச் செருகி வாயாலேயே ஊதத் தொடங்கினார். ஒரு மூச்சு ஊதுவார், ஒரு விஷயம் சொல்லுவார். கழகம் எந்த வருஷம் தொடங்கியது, முதல் கேப்டன் யார், எங்கெங்கே ஜெயித்தோம், எத்தனைக்கு எத்தனை, யார் யார் போட்ட கோல், அடிபட்ட காலோடு நின்று ஆடியவர் யார், எல்லாவற்றையும் சொன்னார். கடைசி மூச்சில் அந்த இறுதி ஆட்டத்தைச் சொன்னார், எஸ்தாக்கி கூப்பிட்டான், விடு எனக்கு என்று கூப்பிட்டான், என் காதால் கேட்டேன் என்று சொன்னார். பந்து குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம், கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுப் பாறைகளின் முனைக்குப் போய், உதைக்கத் தெரியாத காலால் உதைத்து அதைக் கடலில் தள்ளிவிட்டு வந்தார். கொட்டிவிட்ட நிம்மதிக்கு மேல் அப்போது அவர் ஒன்றையும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் கோயிலில் அந்த அறிவிப்பை யாரும் நிறுத்தச் சொல்லியிருக்கவில்லை. தாளை எடுத்துப் போடும்படி செயலாளர் சொல்லாதவரை சாமியார் ஞாயிறுதோறும் வாசித்துக்கொண்டுதான் இருந்தார், கடலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நாள் வைத்திருந்து, நிறத்தையெல்லாம் தின்று, முடிச்சு தெரியாதபடி சிப்பியால் மூடி, மற்ற பந்துகளோடு பந்தாய் அதைக் கொண்டுவந்து கரையில் வைத்துவிட்டது. யாரோ எடுத்துவந்தார்கள். கஸ்பார் ஊசியை ஏற்றினார். வழக்கம்போல் தார்சியுஸ் பேனாவைத் திறந்தார்.

ஊஃப் என்று ஒரு மூச்சு வந்தது. பிறகு கழகம் தொடங்கிய வருஷம் வந்தது.

தார்சியுஸ் திறந்த பேனாவை அவசரமாக மூடினார். எந்தப் பந்து என்று தெரியாததால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதுவரை எந்தப் பந்தும் இப்படி வருஷமும் பேருமாய் வரிசைக்குச் சொல்லாததால் சாயா குடித்தவர்கள்கூடக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள். இந்தக் குரல் நம்ம தார்சியுஸ் குரல் மாதிரி இருக்கே என்று ஒருவர் இழுத்தபோது, "பந்து யாரு கொரல எடுத்துப் பேசுனா ஒமக்கென்ன, சும்மா கேளும்" என்று மெற்றில்டா அடக்கினாள். எல்லாம் கேட்டார்கள். எஸ்தாக்கி கூப்பிட்டான் என்பதையும் கேட்டார்கள், விடு எனக்கு என்று கூப்பிட்டான் என்பதையும் கேட்டார்கள். கேட்டு முடித்து எல்லோரும் கஸ்பாரைப் பார்த்தார்கள். கஸ்பார் தார்சியுஸைப் பார்த்தார். இது யார் ஊதிய மூச்சு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, சொன்னது உண்மை என்பதும் அவருக்கு முன்னாலேயே தெரியும்.

"பந்து சொன்னா சரிதான்" என்றார் கஸ்பார்.

பாவம் எஸ்தாக்கி என்றார்கள். அன்றே பங்குப் பேரவை கூடி, துரோக வரியை எடுத்துவிட்டுப் பந்து சொன்னபடியே மலரில் அச்சடிப்பதென்று முடிவு செய்தது. போகிற வழியில் ஒவ்வொருவராகத் தார்சியுஸின் தோளைத் தட்டினார்கள். இத்தனை வருசமா கிடந்து தேடுனீரே, பந்து பாத்தீரா, எவ்வளவு சுத்தமா சொல்லிச்சு என்றார்கள். இதைத்தான் நான் நாற்பது வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது என் மூச்சு என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவருக்கு. கத்தினால் அண்ணன் பேர் மறுபடியும் போய்விடும். வாயை மூடிக்கொண்டார், மூடிய வாய்க்குள் பல் நறநறத்தது.

மலர் வந்ததும் முதல் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு முனம்பத்துக்குப் போன் போட்டார். பட்டறையில் மரம் இழைக்கிற சத்தத்துக்கு நடுவே அண்ணன் குரல் கேட்டது. உன் பேர் அச்சில் வந்திருக்கிறது, கூப்பிட்டான் என்றே வந்திருக்கிறது, விழாவுக்கு ஊரே எதிர்பார்க்கிறது, வா என்று படித்துக் காட்டாத குறையாகச் சொன்னார். மறுமுனையில் இழைப்பு நின்றது.

"யாரு சொன்னா?"

"பந்து சொல்லிச்சுண்ணே. ஊரறிய."

"கஸ்பாரு சொல்லலியா?"

"பந்து சொன்னா சரிதான்னு சொன்னாரு."

"பந்து அண்ணைக்கே எங்கிட்ட சொல்லியாச்சு மக்கா" என்றார் எஸ்தாக்கி. "கஸ்பாரு அவன் வாயால சொல்லட்டு, வாறேன்." மறுபடியும் இழைப்புச் சத்தம் தொடங்கியது.

விழா நன்றாகத்தான் நடந்தது. கஸ்பார் மலரை வெளியிட்டார், கரையில் கடைசிப் பந்துவரை திறந்தாகிவிட்டது, கடலும் இனி என்னிடம் ஒன்றுமில்லை என்பதுபோல் கையை விரித்துவிட்டது. மலர்தான் வந்துவிட்டதே, அறிவிப்பை நிறுத்திவிடலாமா என்று சாமியார் கேட்டதற்குத் தார்சியுஸ், இன்னும் ஒன்று வரவேண்டியிருக்கிறது, வாசியுங்கள் என்று சொல்லிவிட்டார். சாமியார் என்னவென்று கேட்கவில்லை. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், கழகத்துக்குச் சொந்தமான எதுவும் யாரிடம் இருந்தாலும் ஒப்படைக்கும்படி ஒலிபெருக்கி சொல்கிறது. அந்த நேரத்தில் தார்சியுஸ் தன் பெஞ்சிலிருந்து திரும்பி, தலைவர்கள் உட்காரும் எதிர்ப்பக்க வரிசையில் இருக்கும் கஸ்பாரின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.